மாம்பலம் முதல் மெரினா வரை, ஒரு டிவிடித் துண்டோடு

புதன்

மேற்கு மாம்பலத்தில் ஒரு சோடியம் விளக்கைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் சுற்ற வேண்டியிருந்தது. முன்பெல்லாம் தெருவுக்குத் தெரு அந்த மஞ்சள்தான். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை எல்இடி. கடைசியில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில், ஷட்டர் இறக்கிய ஒரு குடோன் வாசலில் கிடைத்தது. விளக்குக்குக் கீழே ஒரு நாய் படுத்திருந்தது. நானும் அக்கா மகனும் அட்டைப் பெட்டியைக் கண்ணில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடம் போய்விட்டது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருக்கும் நாளெல்லாம் அதுதான் என் பையில் இருக்கப்போகிறது. கறுப்பு சார்ட் அட்டையில் செய்த, ஒரு சாண் நீளப் பெட்டி. ஒரு முனையில் இரண்டு ஷேவிங் பிளேடுகளை எதிரெதிரே ஒட்டி, நடுவில் ஒரு முடி நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டிருக்கிறேன். மறுமுனையில் பழைய டிவிடியின் ஒரு துண்டு. டிவிடியின் விளிம்பில் கத்தியைக் கொடுத்துப் பிளந்தால் இரண்டு தகடாகப் பிரியும். வெள்ளிப் பூச்சின் மேல் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் பூச்சு கையோடு வந்துவிடும். மிஞ்சும் தெளிவான பிளாஸ்டிக்கில் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிப் போகும் தடம் இருக்கிறது. மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1350 கோடுகள்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் அந்த அளவுக்குப் பக்கத்தில்தான்: ஊதாவுக்கு 0.4, சிவப்புக்கு 0.7 மைக்ரோமீட்டர். அதனால் தடங்களின் வழியாக வரும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, ஒவ்வொரு நிறமும் தனக்கென்று ஒரு கோணத்தில் விலகிப் போகிறது. ஒளி அலையாகப் போகவில்லை என்றால் இந்தப் பெட்டிக்குள் ஒன்றும் தெரியாது. வானியலாளர்களின் நிறமாலைமானியும் அடிப்படையில் இதேதான். விலையில்தான் கோடிக்கணக்கில் வித்தியாசம்.

முதலில் தெருமுனை எல்இடியைப் பார்த்தோம். நீலத்தில் 450 நானோமீட்டர் பக்கம் பளிச்சென்று ஒரு பட்டை, அடுத்து சட்டென்று ஒரு மங்கல், அப்புறம் பச்சையிலிருந்து சிவப்பு வரை வழவழவென்று ஒரே ஓட்டம். உள்ளே இருப்பது நீல விளக்குதான். மேலே பூசிய பாஸ்பர் என்கிற ஒளிரும் பொருள் அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது, இரண்டும் சேர்ந்து நம் கண்ணை வெள்ளை என்று நம்ப வைக்கின்றன.

சோடியம் விளக்கு வேறு ரகம். மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு தடித்த பட்டை. பச்சையிலும் நீலப்பச்சையிலும் தனித்தனியாக மெல்லிய கோடுகள். கையை அசைக்காமல் கூர்ந்து பார்த்தால், அந்தத் தடித்த பட்டையின் நட்டநடுவில், எங்கே மிகப் பிரகாசமாக இருக்க வேண்டுமோ அங்கே, கறுப்பாக ஒரு பிளவு. பையன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நடுவுல ஏன் கறுப்பா இருக்கு?"

குழாயின் நடுவில் கொதிக்கும் சோடியம் ஆவி 589 நானோமீட்டரை ஒட்டி ஒளியைக் கக்குகிறது. ஓரத்தில் கொஞ்சம் ஆறிய சோடியம் ஆவி அதே 589-ஐ விழுங்குகிறது. எந்த அணு எந்த நிறத்தை வெளியிடுமோ, அதே நிறத்தைத்தான் அது உறிஞ்சவும் செய்யும்.

"அப்ப லைட்டு தன் வெளிச்சத்தையே சாப்பிடுதா?"

"ஆமாடா. சூரியனும் அதையேதான் பண்ணுது."

1814-இல் ஜெர்மனியில் பிரான்ஹோஃபர் என்கிற கண்ணாடிக்காரர் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்து நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகளைக் குறித்து வைத்தார். முக்கியமானவற்றுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளையே பெயராக வைத்தார். மஞ்சளில் இருந்தது 'டி'. அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிய 45 வருடம் ஆயிற்று. அந்த 'டி' கோடுதான் குடோன் வாசலில் நாங்கள் பார்த்த பிளவு.

வியாழன்

காலையிலிருந்தே மேகம். வெளியே போய் பார்க்க ஒன்றுமில்லை.

அக்கா சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போனாள். அது பொங்கி வழிந்து பர்னரில் கொட்டியது. நீலமாக எரிந்துகொண்டிருந்த சுடர் ஒரு நொடியில் மஞ்சளாயிற்று. நான் அடுப்பை அணைக்காமல் பெட்டியை எடுக்க ஓடினேன். பெட்டிக்குள் நேற்றைய அதே இடத்தில், இன்று பிளவு இல்லாமல், ஒரே ஒரு கூரிய மஞ்சள் கோடு. சாம்பாரில் இருந்த உப்பின் சோடியம்.

"அடுப்பு நாசமாகுது, இவன் என்னத்தையோ கண்ணுல வச்சுக்கிட்டு நிக்கிறான்" என்று அக்கா கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். 1859 வாக்கில் ஹைடல்பர்கில் கிர்க்காஃபும் புன்சனும் செய்தது இந்த வேலையைத்தான். சுடரில் உப்பைப் போட்டு, அதன் மஞ்சள் கோடு சூரியனின் 'டி' கோட்டோடு அச்சாகப் பொருந்துவதைக் கண்டார்கள். சூரியனில் சோடியம் இருக்கிறது! யாரும் அங்கே போகவில்லை, ஒரு கிராம்கூட எடுத்து வரவில்லை. நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதனால் ஒருநாளும் அறிய முடியாது என்று தத்துவவாதிகள் எழுதி வைத்த மை காய்வதற்குள் இது நடந்தது.

மாலையில் அக்காவுக்குத் துணையாக தி.நகர். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் ஒளியைப் பற்றி யோசிக்க முடியாது, பையைப் பற்றித்தான் யோசிக்க முடியும். நகைக்கடைக்குள் உட்கார்ந்த பிறகு பையனிடம் சொன்னேன்: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கண்ணாடிகளில் பூசியிருக்கும் தங்கம் மொத்தமே 48 கிராம்தான். ஆறு பவுன். பரப்போ 25 சதுர மீட்டர். பூச்சின் கனம் 100 நானோமீட்டர். தங்கம் நீல நிறத்தை அவ்வளவாகத் திருப்பி அனுப்பாது, அதனால்தான் அது மஞ்சளாகத் தெரிகிறது. ஆனால் அகச்சிவப்புக் கதிரை ஏறக்குறைய முழுதாகத் திருப்பிவிடும். வெப் பார்ப்பது பெரும்பாலும் அகச்சிவப்பைத்தான். தூசிக்குள் பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரங்களின் ஒளியில் நமக்குத் தெரியும் நிறங்கள் தூசியில் சிக்கிக்கொள்ளும், அகச்சிவப்பு ஊடுருவி வந்துவிடும்.

"ஆறு பவுன்தானா?" என்றாள் அக்கா. அவளுக்கு அதுவரை வெப் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

திரும்பும்போது ஆட்டோவில் எஃப்எம் ஓடிக்கொண்டிருந்தது, 101.4 மெகாஹெர்ட்ஸ். அதுவும் ஒளியின் குடும்பம்தான். அலைநீளம் மட்டும் மூன்று மீட்டருக்குப் பக்கம். ஊட்டியில் 1970-லிருந்து இருக்கும் ரேடியோ தொலைநோக்கி அதைவிடச் சின்ன அலைகளை, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்தவற்றைப் பிடிக்கிறது. நீளம் 530 மீட்டர். பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமான சரிவுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதில் நிறுத்தினார்கள்.

வெள்ளி

இன்று வெயில். மாம்பலத்தில் மின்சார ரயிலேறி நுங்கம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் கல்லூரிச் சாலை. மண்டல வானிலை ஆய்வு மைய வளாகம். புயல் வந்தால் டிவிக்காரர்கள் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்களே, அதே இடம். தெரிந்த ஒருவர் மூலம் முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

நான் பார்க்க வந்தது ஒரு தூண். 15 அடி உயரக் கருங்கல். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கட்டிய மதராஸ் வானாய்வகத்தில், தொலைநோக்கியைத் தாங்குவதற்காக நிறுத்தியது. அதற்கும் முன்பு, 1786-இல் வில்லியம் பெட்ரி என்கிற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒன்று வைத்திருந்தார், அதன் தொடர்ச்சிதான் இது. கட்டடம் போய்விட்டது, தூண் நிற்கிறது. லத்தீன், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டு. விரலால் தடவிப் பார்த்தால் எழுத்தின் பள்ளம் நன்றாகவே தட்டுப்படுகிறது. ஆசியாவில் கணித அறிவியல் எப்போது முதன்முதலாக ஊன்றப்பட்டது என்பதை ஆயிரம் வருடம் கழித்து வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும், அதை ஊன்றியது பிரிட்டிஷ் தாராள குணம், என்கிற அர்த்தத்தில் போகிறது. ஆரியபட்டர் பிறந்த நாட்டில் இதைக் கல்லில் வெட்ட ஒரு தைரியம் வேண்டும். ஆனால் வேலை சுத்தம். இத்தனை வருடம் கழித்தும் தூணில் சாய்வு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இங்கே வானியலராக இருந்த ஜான் கோல்டிங்காம் 1820-21-இல் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போது ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் தினமும் பீரங்கி வெடிப்பார்கள். ஆய்வகத்திலிருந்து கோட்டை 4 கிலோமீட்டர் சொச்சம், பரங்கிமலை 9 கிலோமீட்டர். இருட்டில் பீரங்கியின் தீப்பொறி தெரிந்த கணத்திலிருந்து சத்தம் காதில் விழும் வரை கடிகாரத்தை எண்ணினார்கள். பரங்கிமலைச் சத்தம் வந்து சேர ஏறக்குறைய 26 நொடி. காற்று, வெப்பம், ஈரப்பதம் எல்லாவற்றையும் கூடவே எழுதி, மாதவாரியாக ஒலியின் வேகம் எப்படி மாறுகிறது என்று பட்டியல் போட்டார்.

பையன் உடனே கேட்டான். "மாமா, பொறி தெரியறதுக்கும் கொஞ்ச நேரம் ஆகுமில்ல? அதைக் கழிக்க வேண்டாமா?"

சரியான கேள்வி. ஆகும். நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் வேகத்தில் 9 கிலோமீட்டரைக் கடக்க, ஒரு நொடியின் லட்சத்தில் மூன்று பங்கு. கோல்டிங்காமின் கடிகாரத்துக்கு அது பூஜ்யம். பரங்கிமலைக்குப் பூஜ்யமாக இருக்கிற அதே தாமதம் சூரியனுக்கு 8 நிமிடம் 20 நொடியாகவும், கார்த்திகைக் கூட்டத்துக்கு சுமார் 440 ஆண்டாகவும் வளர்ந்துவிடுகிறது. அங்கேதான் வானியலே ஆரம்பமாகிறது. தூரத்தில் இருப்பதெல்லாம் பழையதும்கூட.

கோல்டிங்காமுக்குப் பிறகு பலர் வந்தார்கள். 1861-இல் வந்தவர் நார்மன் போக்சன். வந்த வருடமே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஏசியா' என்று பெயர் வைத்தார். ஆனால் அவர் பெயர் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் நிற்பது வேறு காரணத்துக்காக. பழங்காலத்திலேயே நட்சத்திரங்களைப் பிரகாசத்தை வைத்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு தரமாகப் பிரித்திருந்தார்கள். கண் மதிப்புதான். மதராஸ் வருவதற்கு முன்பே, 1856-இல், போக்சன் அதற்கு ஒரு கணக்கு கொடுத்தார். ஐந்து தரம் வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு. ஆகவே ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு. இன்று வெப் அனுப்பும் படத்தில் உள்ள நட்சத்திரத்துக்கும் இதே அளவுகோல்தான்.

கணக்கில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இருட்டில் விரிந்த கண்மணியின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். காவலூரில் ஜவ்வாது மலைமேல் இருக்கும் வைனு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர். அது ஒரு லட்சம் மடங்குக்கு மேல் ஒளியை அள்ளுகிறது. போக்சன் கணக்கில் பன்னிரண்டரை தரம். தொலைநோக்கி என்றால் பெரிதாக்கிக் காட்டும் கருவி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வானியலாளரைக் கேட்டால் அது ஒளி அள்ளும் வாளி என்பார்.

போக்சனின் மகள் எலிசபெத் ஐசிஸ் இந்த ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர். 1886-இல் அவரை ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினராக்க முன்மொழிந்தார்கள், பெண் என்பதால் நடக்கவில்லை. 1920-இல்தான் சேர்த்தார்கள்.

இன்னொருவர், சிந்தாமணி ரகுநாதாச்சாரி. இங்கே உதவியாளர். 1867-இல் வானத்தின் தென்கோடியில் 'ஆர் ரெட்டிகுலி' என்கிற, பிரகாசம் ஏறி இறங்கும் நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். சென்னையிலிருந்து அது தெற்கு அடிவானத்தை விட்டு அதிகம் மேலே ஏறாது, லண்டனிலிருந்து தெரியவே தெரியாது. 1872-இல் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். 1874-இல் சூரியனை வெள்ளி கடந்தபோது அதைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்க, பண்டிதர்கள் பேசிக்கொள்ளும் உரையாடலாகவே ஒரு சிறு நூல் எழுதிப் பல மொழிகளில் வெளியிட்டார். வானியலைத் தமிழில் எழுத முடியுமா என்று இன்றும் கேட்கிறவர்களுக்கு இவரைத்தான் காட்டுவேன். அவர் பெயரில் ஒரு தெருவாவது இருக்குமா என்று சுற்றுவட்டாரத்தில் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், கண்ணில் படவில்லை.

இப்போது 1868, ஆகஸ்ட் 18. இந்தத் தேதிக்காகத்தான் புதன்கிழமையே சோடியம் விளக்கைத் தேடினேன்.

அன்று முழுச் சூரிய கிரகணம், நிழல் அன்றைய மதராஸ் மாகாணத்தின் மேல் ஓடியது. குண்டூரில் பிரான்ஸின் ஜான்சென், மசூலிப்பட்டினத்தில் போக்சன், இன்னும் பல குழுக்கள். ரகுநாதாச்சாரி ஒரு குழுவோடு வனபர்த்திக்குப் போயிருந்தார். கிரகணத்தை நிறமாலைமானியோடு பார்த்த முதல் தலைமுறை அது. சூரியனின் விளிம்பிலிருந்து எழும் செந்நிறக் கொழுந்துகள் என்னவென்று யாருக்கும் தெரியாது. நிலா மறைத்ததும் கருவியைத் திருப்பினால் பளிச்சென்று தனித்தனிக் கோடுகள். கனமில்லாத சூடான வாயு என்று அப்போதே புரிந்துவிட்டது. அவற்றில் ஹைட்ரஜனின் கோடுகள் இருந்தன. மஞ்சளிலும் ஒரு கோடு.

மஞ்சள் என்றால் சோடியம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது சோடியத்தின் இடத்தில் சரியாக உட்காரவில்லை. சோடியத்தின் இரட்டைக் கோடு 589.0, 589.6 நானோமீட்டர். இது 587.6. வித்தியாசம் இரண்டு நானோமீட்டர்கூட முழுதாக இல்லை. என் பெட்டியில் அந்த அளவு பிளேடு இடுக்கின் தடிமனுக்குள்ளேயே காணாமல் போய்விடும். ஜான்சென், கொழுந்துகள் இவ்வளவு பிரகாசமாக இருக்கின்றனவே என்று மறுநாள் கிரகணம் இல்லாமலே அவற்றைப் பார்த்துவிட்டார். அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியரும் தனியாக அதே வழியைக் கண்டார். இந்த மஞ்சள் பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாது என்று விடாப்பிடியாக நின்றவர் அவர். ஹீலியம் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. ஒரு கோட்டை மட்டும் வைத்துப் புதுத் தனிமமா என்று பலர் நம்பவில்லை. 1895-இல் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து வெளிவந்த வாயுவை ஆராய்ந்தபோது அதே 587.6 கண்ணில் பட்டது. 27 வருடம் சூரியனில் மட்டுமே இருந்த ஒரு பொருள் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது.

வெளியே வந்து ஒரு கடையில் இஞ்சி டீ குடித்தோம். அங்கே கதவோரத்தில் எரிந்த குழல் விளக்கில் பாதரசத்தின் பச்சைக் கோடு, 546. பையன் கேட்காமலே சொன்னான்.

சனி, விடியற்காலை

ஆருத்ரா தரிசனம். மூன்று மணிக்கே அக்கா எழுப்பிவிட்டாள். மயிலாப்பூரில் கூட்டம் மாட வீதி வரை. தரிசனம் முடிந்து தொன்னையில் களி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அக்காவும் அத்தானும் வீட்டுக்கு, நானும் பையனும் மெரினாவுக்கு.

உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் மணலில் நின்றோம். சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டு எழுவது போலத் தெரியும் நேரத்தில், கணக்குப்படி அது இன்னும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. காற்று ஒளியை வளைத்துத் தூக்கிக் காட்டுகிறது. பெட்டியைச் சூரியனுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது, கண் போய்விடும். பக்கத்து வானத்துக்குப் பிடித்தோம். நீல முனை அடிபட்டுக் கிடந்தது. தலைக்கு மேல் சூரியன் இருக்கும்போது கடக்கும் காற்றைவிட 30 மடங்குக்கு மேல் காற்றைக் கடந்து வருகிறது இந்த வெளிச்சம். நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது.

சிவப்பின் கோடியில், 687 பக்கம், ஒரு கறுப்புப் பட்டை. உச்சி வெயிலில் அது மெலிந்துவிடும், விடியலில் தடித்திருக்கும். பிரான்ஹோஃபர் 'பி' என்று பெயரிட்டது. இது சூரியனுடையதே இல்லை. நம் காற்றின் ஆக்ஸிஜன். வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் ஒரு கோளின் காற்றில் ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று தேடுகிறவர்களும் இப்படித்தான் தேட வேண்டும்: அதன் நட்சத்திரத்தின் ஒளி அந்தக் காற்றின் வழியாக வரும்போது எது குறைகிறது என்று.

நேர் பின்னால் மாநிலக் கல்லூரி. சி.வி. ராமன் அங்கே மாணவராக இருந்தபோது, 1906-இல், செவ்வக இடுக்கு வழியாக வரும் ஒளி ஏன் இருபுறமும் சமச்சீராக விரியவில்லை என்று ஒரு கட்டுரை எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அச்சானது. வயது 18. பிளேடு இடுக்கோடு நிற்கிற எனக்கு இதைச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1921-இல் மத்திய தரைக்கடலில் கப்பலில் வந்தபோது கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்கிற பேச்சை அவர் ஏற்கவில்லை. கையில் ஒரு நிகோல் பட்டகம், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம். பளபளப்பை அது வெட்டிவிட்டால் மிச்சம் தெரிவது தண்ணீரே சிதறடிக்கும் ஒளி. நாங்களும் செய்து பார்த்தோம். அத்தான் பைக் ஓட்டும்போது போடும் போலராய்டு கண்ணாடி. அலையின் மேல் தகதகத்த வெள்ளை, கண்ணாடியை ஒரு பக்கம் திருப்பினால் அணைந்துவிடுகிறது, இன்னொரு பக்கம் திருப்பினால் வந்துவிடுகிறது. அணைந்தபோது தெரிந்தது நீலமல்ல. மெரினா, ஆகவே மணல் கலந்த பச்சை. உங்கள் கூலிங் கிளாஸ் நிஜமாகவே போலராய்டா என்று தெரிய வேண்டுமா, கைபேசித் திரையை அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டால் சரியான சரக்கு. பையன் பிளாட்பாரத்தில் வாங்கியது இருளவில்லை.

ஒளி அலை இப்படி ஒரே தளத்தில் அதிர்வதைத்தான் தளவிளைவு என்கிறார்கள். அதை வைத்து ஒரு நல்ல கதை உண்டு. ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர், இதே கல்லூரி. சூடான நட்சத்திரத்தின் விளிம்பிலிருந்து வரும் ஒளி தளவிளைவு பெற்றிருக்கும் என்று 1946-இல் கணக்குப் போட்டுச் சொன்னார். அதைத் தேடிய அமெரிக்கர்கள் ஹில்ட்னரும் ஹாலும் 1949-இல் தளவிளைவைக் கண்டார்கள். ஆனால் அது நட்சத்திரத்துடையது அல்ல. நடுவில் மிதக்கும் தூசி, பால்வீதியின் காந்தப்புலத்தால் ஒரே பக்கமாக வரிசைப்பட்டு ஒளியை வடிகட்டியிருக்கிறது. தேடியது ஒன்று, கிடைத்தது அதைவிடப் பெரியது. பால்வீதியின் காந்தப்புலத்தை வரைபடமாக்க இன்றும் அந்த வழி உதவுகிறது.

ராமன் விளைவும் வானத்துக்குப் போயிருக்கிறது. 1928-இல் கல்கத்தாவில் கண்டது: மூலக்கூறில் மோதிய ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், தன் ஆற்றலில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியேறும். புதன்கிழமை அலை என்று சொன்ன ஒளியே இங்கே பொட்டு பொட்டாக நடந்துகொள்கிறது. இரண்டு முகமும் அதற்கு உண்டு, ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் கணக்கு தப்பும். சில இரட்டை நட்சத்திரங்களின் நிறமாலையில் 682.5 நானோமீட்டரில் ஒரு அகலமான பட்டை வெகுகாலம் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. அது ஆக்ஸிஜன் வெளியிட்ட புற ஊதா ஒளி, ஹைட்ரஜனில் ராமன் சிதறல் அடைந்து சிவப்பாக வருவது என்று 1989-இல் காட்டினார்கள்.

சனி, இரவு

மொட்டை மாடி. பௌர்ணமி. சென்னை வானம், பக்கத்து அடுக்ககத்தின் எல்இடி விளக்கு வேறு. மங்கலான நட்சத்திரம் எதுவும் தேறாது. ஆனாலும் கிழக்கில் நிலாவுக்கு அக்கம்பக்கத்திலேயே திருவாதிரை சிவப்பாகத் தெரிந்தது. அதற்கு வலப்பக்கம் ரைஜெல், நீல வெள்ளை.

திருவாதிரையின் மேற்பரப்பு 3500 கெல்வின் சொச்சம், ரைஜெல் 12,000 பக்கம், நம் சூரியன் 5800.

"சிவப்பு கம்மி சூடா? பாத்ரூம் குழாயில சிவப்புன்னா வெந்நீர்தானே?"

குழாய் செய்தவர்கள் வானியல் படிக்கவில்லை என்று சொல்லி வைத்தேன். எந்தப் பொருளும் சூடேற ஏற அதன் ஒளியின் உச்சம் நீலத்தை நோக்கி நகரும். நிறத்தைப் பார்த்தே வெப்பத்தைச் சொல்லிவிடலாம், கோடுகூடத் தேவையில்லை. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் திருவாதிரை வெறும் கண்ணுக்கே தெரியும்படி மங்கியது. வெடிக்கப் போகிறது என்று பேச்சு. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முன்னால் நின்று மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

பைனாகுலரைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு வியாழனைப் பார்த்தோம். பக்கத்தில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள், அதன் நிலாக்கள். ஒளிக்கு வேகம் உண்டு என்று உலகத்துக்குச் சொன்னவை இவைதான். 1676-இல் பாரிஸில் ரோமர், ஐயோ என்கிற நிலா வியாழனின் நிழலில் மறையும் நேரங்களைப் பார்த்தார். பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் கிரகணங்கள் தாமதமாகிக்கொண்டே வந்தன. நிலா தாமதிக்கவில்லை, செய்தி தாமதிக்கிறது. பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் என்று கணித்தார். சரியான அளவு 16 நிமிடம் 40 நொடி. அந்தக் காலத்துக் கடிகாரத்துக்கு மோசமில்லை.

கோல்டிங்காம் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்ததும் இதே நிலாக்களின் கிரகணங்களை வைத்துத்தான். நுங்கம்பாக்கத்திலும் ஐரோப்பாவிலும் ஒரே கிரகணம், இரண்டு ஊர்க் கடிகாரங்களும் காட்டும் வித்தியாசம்தான் தீர்க்கரேகை. கிரீனிச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் என்கிற மதராஸ் நேரத்தில் பிறகு நாட்டின் ரயில்கள் ஓடின. இன்றைக்கு வியாழன் ஒளி 35 நிமிடப் பழசு.

ஞாயிறு

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம். தமிழ்க் காட்சிக்கு டிக்கெட் கிடைத்தது. குளிர்ந்த இருட்டில் எனக்கு முன் வரிசையில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பையன் தூங்கவில்லை, நான் கொஞ்சம்.

மாலை ரயிலுக்கு எழும்பூரில் காத்திருக்கும்போது நிற்காமல் போன ஒரு இன்ஜின் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது. நெருங்கும்போது கீச்சென்று, கடந்ததும் தொப்பென்று இறங்கி. ஒளியிலும் இதே கதை: விலகுகிற நட்சத்திரத்தின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும். 1868-இலேயே ஹக்கின்ஸ் சிரியஸில் இதை அளக்க முயன்றார். மதராஸ் ஆய்வகத்தின் வானியல் வேலை 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே 1909-இல் எவர்ஷெட் சூரியப்புள்ளியின் இரு ஓரங்களிலும் கோடுகள் எதிரெதிர்ப் பக்கம் விலகியிருப்பதைப் பார்த்து, புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டார். பிரபஞ்சம் விரிகிறது என்பதும் இப்படி நகர்ந்த கோடுகள் சொன்னதுதான்.

"மாமா, ஹீலியம் மாதிரி வேற ஏதாவது கண்டுபிடிச்சாங்களா?"

கண்டுபிடித்தார்கள். 1869 கிரகணத்தில் சூரியனின் வெளி ஒளிவட்டத்தில் ஒரு பச்சைக் கோடு, 530.3. அதுவும் எதற்கும் பொருந்தவில்லை. கொரோனியம் என்று இன்னொரு புதுத் தனிமம் என்றார்கள். ஹீலியம் கைக்கு வந்த மாதிரி இதுவும் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. இதற்குள் தனிம அட்டவணையில் காலி இடமே இல்லாமல் போயிற்று. 1940-களின் தொடக்கத்தில்தான் விடை உறுதியானது. சாதாரண இரும்பு, 13 எலக்ட்ரான்களை இழந்த நிலையில். அப்படி உரிய வேண்டுமென்றால் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூரியனின் மேற்பரப்பு 5800, அதற்கு வெளியே இருக்கும் வட்டம் பத்து லட்சம். ஏன் என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. 2023 செப்டம்பர் 2-இல் கிளம்பிய இந்தியாவின் சூரிய ஆய்வுக்கலம் ஆதித்யா எல்1-இன் ஒரு கருவி அதே 530.3 பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி எங்கள் செங்கோட்டைக்காரர். நாங்கள் தென்காசி. பக்கத்து ஊர் என்றால் சொல்லிக்கொள்ள மாட்டோமா?

ரயில் வந்துவிட்டது. பெட்டியைப் பையன் கேட்டான், கொடுத்துவிட்டேன். "அப்பா ஷேவிங் பிளேடுல ரெண்டு எடுத்து இன்னும் மெல்லிசா இடுக்கு வைக்கப் போறேன். அந்த ரெண்டு நானோமீட்டர் பிரியுதான்னு பாக்கணும்" என்கிறான். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.